பதினாலாவது டப்பா

"நேத்து மத்தியானம் நீ கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு இருந்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு பாய்."

அன்புக்கரசியின் வீட்டு மொட்டைமாடியில் பதிமூன்று வீட்டு ஆட்களும் கூடியிருந்தார்கள். கேள்வி கேட்ட அவளை மஜீது நிமிர்ந்து பார்த்தான்.

"நின்னேன்."

ஒப்புக்கொண்டுவிட்டான் என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

திருவொற்றியூரின் அந்தக் குப்பத்துக்குப் பின்னால் ஒரு ரசாயனக் கம்பெனி. அது திருட்டுத்தனமாகப் புகை விடும் நாள்களில் பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கும். வாட்ஸப் குரூப்பில் யாராவது தகவல் போட்டால், மாசு கட்டுப்பாட்டு அதிகாரி வந்து சேருவதற்குள் புகை நின்றுவிடும். குரூப்பில் இருந்த இருநூறு பேரில் யார் கம்பெனி ஆள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் மஜீது அந்த ரேடியோ டப்பாக்களைக் கொண்டுவந்தான். தண்டையார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். டப்பாவுக்கு சிம் வேண்டாம், நெட் வேண்டாம், டவர் வேண்டாம். எழுதி அனுப்பும் செய்தி மாடிக்கு மாடி தாவிப் போகும். பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசியக் கோடு ஏற்றிய டப்பாவில் மட்டும்தான் அதைப் படிக்க முடியும். அந்தக் கோடு இருந்தது மஜீதின் கடை லேப்டாப்பில்.

முதல் டப்பாவை அன்புக்கரசி வீட்டில்தான் மாட்டினான். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பதிமூன்று வீடு, எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். இனிமேல் கம்பெனிக்கு எதுவும் தெரியாது என்று நம்பினார்கள்.

ஆனால் இந்த மாதம் இரண்டு முறை டப்பாவில் மட்டும் பேசிவைத்து அதிகாரியை வரவழைத்தார்கள். இரண்டு முறையும் அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் புகை நின்றது.

"நானே சொல்லலாம்னுதான் வந்தேன்," என்றான் மஜீது. "நம்ப கிட்ட கீறது பதிமூணு டப்பா. லேப்டாப் லிஸ்டுல பதினாலு காட்டுது. அந்தப் பதினாலாவது எங்க கீதுன்னு தேடிகினே போனேன். சிக்னல் கம்பெனி காம்பவுண்டு உள்ளேர்ந்து வர்து."

"கோடு ஏத்தறவன் நீ," என்றார் படகுக்காரர் லோகநாதன். "அப்போ அந்த டப்பாவுக்கு எவன் ஏத்துனான்?"

"அதான் எனக்கும் புரியல," என்றான் மஜீது.

அன்புக்கரசி குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "ஒன் வூடு தண்டையார்பேட்டைல கீது பாய். எங்க பொகை ஒன் மூக்குக்கு வராது."

அந்த வார்த்தை அவனை உலுக்கிவிட்டது. போன ஐப்பசியில் அவளுடைய மகள் மலர் மூச்சு முட்டிக் கிடந்தபோது, கொட்டும் மழையில் தன் ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன். அதைச் சொல்லிக்காட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

அவனுக்காக எழுந்து நின்றது பொன்னுரங்கம் ஒருவன்தான். குப்பத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். மஜீதோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். மஜீது நாகூர் கந்தூரிக்குப் போனால் அவன் கடையைத் திறந்து பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம்.

"மஜீது அப்பிடிப்பட்ட ஆளு இல்லபா. அவன நான் சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். கொஞ்சம் பொறுமையா விசாரிக்கலாம்."

யாரும் காதில் வாங்கவில்லை. கோட்டை மாற்ற வேண்டும், மஜீது வெளியே போக வேண்டும் என்று முடிவாயிற்று. புதுக் கோடு ஏற்றும் வேலையைப் பொன்னுரங்கத்திடமே கொடுத்தார்கள். அந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

மஜீது தான் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் இருந்த கோட்டை அவர்கள் முன்னாலேயே அழித்தான். பிறகு கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்த அன்புக்கரசியின் டப்பாவைப் பார்த்தான். ஆன்டெனா சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி முடுக்கிவிட்டுப் படியிறங்கினான்.

பொன்னுரங்கம் பின்னாலேயே ஓடி வந்து அவன் தோளிலிருந்த டூல் பையை வாங்கிக்கொண்டான். எக்ஸ்பிரஸ் ரோட்டு டீக்கடையில் அவனை உட்காரவைத்து, இரண்டு டீ வாங்கி வந்தான்.

"மனசுல வெச்சிக்காத மாமு. ஜனங்க புள்ளைங்கள நெனச்சி பயத்துல பேசுது."

மஜீதுக்குக் கண் கலங்கியது. டீயை வாயில் வைக்க முடியவில்லை.

"அவங்க பேசுனது கூடப் பரவால்லடா. மலரு வாசல்லதான் நின்னுகினு இருந்துச்சி. மாமான்னு ஓடி வர்ற கொழந்தை. நான் வரசொல்லோ அவங்கம்மா அது கையப் புடிச்சி உள்ள இட்டுகினு போய்ட்டா."

"வுடு மாமு."

"நீ ஒருத்தனாவது நம்புனியே. அது போதும்."

பொன்னுரங்கம் சாலையைப் பார்த்தான். ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன.

மஜீது முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான்.

"ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நம்பர் கீது. அந்தப் பதினாலாவது நம்பர எழுதி வெச்சிகீறேன். நாளைக்கிக் காலைல நேரா அதிகாரியாண்ட போறேன். உள்ள போய் அத்த எடுக்கட்டும். எவன் குடுத்தான்னு கம்பெனிக்காரன் சொல்லித்தானே ஆவணும்?"

பொன்னுரங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். சீட்டை நீட்டியிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

"அந்த டப்பாவ குடுத்ததுக்குத்தான் மாமு, எம் பொண்ணுக்கு கம்பெனில வேல குடுத்தாங்க."