வுல்ஃப்ரூன் அக்காவின் அண்டா

டோக்கியின் மாடுகளை ஊர் ஏரில் சேர்க்கக் கூடாது என்று ஓக் மரத்தடிக் கூட்டத்தில் முதலில் எழுந்து கத்தியவன் நான்தான்.

"கொள்ளைக்காரப் பய அவன். நேத்து வரைக்கும் கோடாலியோட வந்தவனுக்கு இன்னைக்கு ஏர்ல பங்கா?"

"டுட்டா பேசுறான்டா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "டேனியன் வந்தப்ப முதல் ஆளா சதுப்புக்காட்டுல போய் ஒளிஞ்சவன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் கூட்டம் என் பக்கம்தான்.

எங்கள் லிண்ட்ஸி நாட்டுக் களிமண் இருக்கிறதே, எட்டு மாடு சேர்ந்து இழுத்தால்தான் அசையும். எட்டு மாடு யாரிடமும் கிடையாது. ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று சேர்த்துத்தான் உழுவோம். கடல் கடந்து வந்து எங்கள் நாட்டைப் பிடித்த டேனியப் படை தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் டோக்கி பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியேறி நாலு மாதம் ஆகிறது. அவனிடம் இருப்பது இரண்டு மாடு. ஊர் சேர்க்காவிட்டால் நிலம் தரிசு, வருகிற குளிருக்கு அந்தக் குடும்பம் பட்டினி.

அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவனை விரட்ட எனக்கென்று ஒரு காரணம் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பீர் காய்ச்ச வுல்ஃப்ரூன் அக்காவின் வெண்கல அண்டாவை இரவல் வாங்கினேன். தண்ணீர் ஊற்ற மறந்து, வெறும் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனேன். அண்டா விரிசல் விட்டுவிட்டது. அக்கா வாயைத் திறந்தால் தெரு நாய்கூட ஒதுங்கிப் போகும். என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்த அதே வாரம், தெய்வாதீனமாக டேனியர்கள் கொள்ளையடிக்க வந்தார்கள்.

"உங்க அண்டாவை அவனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்கக்கா" என்றேன்.

அக்கா நம்பவில்லை. கோயிலுக்கு இழுத்துப் போய்ப் பீடத்தில் கை வைக்கச் சொன்னாள். வைத்தேன். பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, வெளியே எங்கேயாவது பள்ளம் தோண்டித் தள்ளிவிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சாவு தூரத்தில் இருந்தது, அக்கா பக்கத்தில் நின்றாள்.

அண்டாவைப் பன்றிக் கொட்டிலில் புதைத்துவிட்டேன். அந்த வருஷம் டேனியர்கள் கொண்டுபோனதாக ஊரார் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஊரில் மொத்தம் இருந்ததைவிட அதிகம். அதனால் ஏழு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். டோக்கி வந்ததோடு தூக்கம் போயிற்று. அக்கா அவனிடம் கேட்டுவிட்டால் என்ன ஆவது?

கேட்டேவிட்டாள்.

"சும்மா கத்தாதீங்கடா" என்று எழுந்தாள். ஏரில் அவள் மாடு இரண்டு, அதனால் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. "ஏம்பா டோக்கி, ஏழு வருஷம் முன்னாடி என் அண்டாவைத் தூக்கிட்டுப் போனது நீயா? உங்காளுங்க கைக்காப்பைத் தொட்டா பொய் சொல்ல மாட்டாங்களாமே. தொட்டுச் சொல்லு."

அவன் 'நாங்க யாரும் எடுக்கலை' என்று சத்தியம் செய்தால், அன்று நான் செய்தது?

டோக்கி காப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"காப்பு எதுக்கும்மா. நான்தான் எடுத்தேன். தப்புதான். அது இப்ப என்கிட்ட இல்லை, என் வீட்டு அண்டாவை எடுத்துக்கங்க."

அவன் பெண்டாட்டி வீட்டுக்குப் போய், கொதித்த கஞ்சியை மரவாளியில் கொட்டிவிட்டு, இருந்த ஒரே அண்டாவைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள்.

"திருடனா இருந்தாலும் ஒத்துக்கிட்டான் பாரு. இந்த ஊர்ல இப்படி ஒருத்தன் உண்டா? அவன் மாடு என் மாட்டோட நிக்கட்டும். என்னடா டுட்டா, சம்மதமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் அவன் கலப்பையைப் பிடித்தான், நான் முன்னால் மாடு ஓட்டினேன். மூன்று சால் வரைக்கும்தான் பொறுக்க முடிந்தது.

"ஏன்யா அப்படிச் சொன்னே?"

"உங்க பன்னி கொட்டிலைக் கிளறுதுண்ணே. போன வாரம் மண்வெட்டி இரவல் கேக்க வந்தப்ப அண்டா விளிம்பு வெளியே தெரிஞ்சுது. யாரும் பாக்காம மண்ணைத் தள்ளி மூடிட்டேன். இன்னும் கொஞ்சம் ஆழமாப் புதைங்க."

நான் மாட்டை நிறுத்தினேன்.

"தெரிஞ்சுமா என்னை விட்டே?"

"அந்த வருஷம் நான் இந்தப் பக்கமே வரலை. தெக்கால ஏதோ ஒரு ஊருக்குப் போனோம். அங்க ஒரு பொம்பளை அண்டாவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேன்னு அழுதா. நான்தான் பிடுங்கினேன். இன்னைக்குத் திருப்பிக் கொடுக்கலாம்னா அவ பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. இங்க என் அண்டா எங்கேன்னு கேக்க ஒருத்தங்க இருந்தாங்க. கொடுத்துட்டேன்."

மாட்டை அதட்டினான்.

சாயங்காலம் நேராகப் பன்றிக் கொட்டிலுக்குப் போனேன். மண்வெட்டியை எடுத்தேன். அவன் சொன்னபடியே இன்னும் ஒரு முழம் ஆழமாகப் புதைத்தேன்.

திருப்பிக் கொடுக்க அவனுக்குத்தான் அந்தப் பெண்ணின் ஊர் தெரியாது. எனக்கு வுல்ஃப்ரூன் அக்கா அடுத்த வீடு.