முந்நூற்றைம்பது வோல்ட்

அக்காவின் தையல் மெஷினை எடுத்துப்போக வந்தவன் ஹாலிலேயே நின்றுவிட்டான். உள்ளறையில் அத்தானின் சபை கூடியிருந்தது.

சபை என்றால் மூன்று பேர். ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற நீதிபதி, டைல்ஸ் கடைக்காரர். வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து, அதன்முன் கண்ணை மூடி உட்கார்ந்து, பாட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் இரைச்சலைக் கேட்பவர்கள்.

அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் அத்தான் ரெகுலேட்டர் கட்டினார். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஊரெல்லாம் சுற்றி அழுக்காகத்தான் வருமாம். அதைக் குளிப்பாட்டித் தலைவாரி, முந்நூற்றைம்பது வோல்ட்டில் இம்மியும் அசையாமல் நிற்க வைக்கிற பெட்டி.

பெட்டி மேஜைமேல் மூடியில்லாமல் கிடந்தது. ஒரு ஒயரைத் திருகி மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து மாதமாக அந்த ஒரு ஒயர்தான் பாக்கி.

"அவசரப்படக் கூடாது. கெப்பாசிட்டர் காத்து வாங்கிப் பதப்படணும்," என்றார் அத்தான்.

நீதிபதி மேல்முறையீடே இல்லாதது போலத் தலையாட்டினார். பல் டாக்டர் போன மாதமே தன் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டாராம். உள்ளே பல்லி குடியேறிய பிறகு வயலின் இன்னும் மென்மையாகக் கேட்கிறதாம்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியும். ஒன்றை மட்டும் அவன் கேலி செய்ததே இல்லை.

சுவிட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டருக்குள் சேர்ந்திருக்கும் மின்சாரம் உடனே சாவதில்லை. ஒரு நிமிஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டால் ஆளை அடித்துப் போட்டுவிடும். அதனால் அத்தான் இடது கையை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால்தான் வேலை செய்வார். அதற்கும் முன்னால் குரல் கொடுப்பார்.

மேஜைக்கான சுவிட்ச் ஹாலில், தையல் மெஷினுக்கு நேர்மேலே. அக்கா தைத்துக்கொண்டே கையை உயர்த்தி அணைப்பாள். அறுபது எண்ணுவாள். பிறகு, "அணைச்சாச்சு, கைய வைங்க" என்பாள். அந்தச் சொல் வராமல் அத்தான் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை.

"இன்னிக்காவது மூடிடுங்க சார்," டைல்ஸ்காரர் கெஞ்சினார். "அடுத்த வாரம் சங்கக் கூட்டம். இப்படித் தொறந்து போட்டா காட்டுறது?"

அத்தான் இடது கையை பாக்கெட்டில் போட்டார். வலது கையில் திருப்புளியை எடுத்தார்.

"அணைச்சாச்சா?"



ஹாலில் அவன் சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. தொட்டதும் விரலில் தூசி ஒட்டியது. அறுபது எண்ணினான்.

"அணைச்சாச்சு அத்தான். கைய வைங்க."

திருகு திரும்பும் சத்தம் வரவில்லை.

எட்டிப் பார்த்தான். அத்தான் திருப்புளியை அந்தரத்தில் நிறுத்தி, காதை ஹால் பக்கம் சாய்த்தபடி நின்றார். மற்ற மூவரும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடியிருந்தார்கள்.

எனவே மேஜைக்கடியில் கிடந்ததை அவன் ஒருவன்தான் பார்த்தான். பெட்டியின் ப்ளக் சுவரில் இல்லை. ஒயரைச் சுருட்டி ஊதா நூலால் கட்டியிருந்தது. பெருக்கும்போது கால் தடுக்கும் என்று அக்காதான் அப்படிக் கட்டுவாள். ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கிளம்பிய அன்று காலையிலும் வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் போனாள்.

அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. ஐந்து மாதமாகப் பெட்டிக்குள் ஒரு வோல்ட்கூடப் போகவில்லை.

"அணைச்சாச்சா?" என்றார் அத்தான் மறுபடியும், இதுவரை யாருமே பதில் சொல்லாதது போல.

கீழே, மெஷினை ஏற்றிப்போகக் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் தையல் மெஷினைச் சுவரோடு ஒட்டி, சுவிட்சுக்கு நேர்கீழே சரியாக நகர்த்தி வைத்தான். ஓசைப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டான்.