கலங்காத தண்ணீர்

பைபிளில் வரும் பெதஸ்தா குளத்தில் இப்போது இடிந்த படிகள்தான் மிச்சம். அடியில் மட்டும் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். தேவதூதன் இறங்கி அதைக் கலக்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் நோயாளிகள் காத்துக் கிடந்த இடம். நான் பராமரிக்கும் எஸ்ரா ஐயாவின் சக்கர நாற்காலியைக் கம்பி ஓரம் நிறுத்தி பிரேக் போட்டேன். காதில் மாட்டிய இயர்போனில் ஊரிலிருந்து அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

“அவருக்காக நல்லா ஜெபி மக்கா. எழும்பி நடக்கட்டும்.”

“நடந்தா எனக்கு இங்க என்னம்மா சோலி? அவரப் பாத்துக்கத்தான விசாவே.”

“அப்போ சாகணும்னு ஜெபிக்கியால?”

“செத்தாலும் ஊருக்குத்தான் அனுப்புவாவ. இப்படியே இருக்கணும்னுதான் தினமும் ஜெபிக்கேன்.”

“அந்த இடத்துல நின்னுட்டு இப்படிச் சொல்லாத, மக்கா.”

காற்றே இல்லை. கீழே தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தது. நான் வந்த நாளிலிருந்து அசையாத ஐயாவின் வலது கால், மிதிபலகையிலிருந்து மெல்ல இறங்கித் தரையைத் தேடியது.

“என்ன மக்கா, சத்தத்தையே காணோம்? தண்ணி கலங்குதா?”

“இல்லம்மா” என்றேன், அந்தக் காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி.