வெறும் குழி

1997 மாசி. கனடாவில், பழைய மொன்றியலின் ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில், நிலவறையின் கண்ணாடித் தரைக்குக் கீழே மஞ்சள் வெளிச்சத்தில் நீளநீளமாய்ப் புதைகுழிகள் தெரிகின்றன. கண்ணாடி தொடங்கும் இடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறாள் புஷ்பவதி. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தகப்பன் செத்தபோதும் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட்டவள் அவள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி, வீதியில் தூவிய உப்போடு கலந்து கண்ணீர்போல் கரிக்கும் நீராகக் கண்ணாடியை நோக்கி ஊர்கிறது. குனிந்து அதை கைலேஞ்சியால் ஒற்றியெடுக்கிறாள். மகள் தாட்சாயினி கண்ணாடியின் நடுவில் நின்று, பிரெஞ்சுப் பலகையை வாசித்துச் சொல்கிறாள்: “முதல் வந்த பிரெஞ்சுக்காரரையும் இஞ்சத்தைப் பூர்வகுடி ஆக்களையும் தாட்ட இடமாம், அம்மா.” “பேர் இருக்கோ?” “இல்லை.” மேல்தளத்தில் பள்ளிப் பிள்ளைகளின் காலடி தடதடத்து ஓய்கிறது. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியொன்றில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட புஷ்பவதியின் தம்பியைப் பற்றி போன ஆடியிலிருந்து தகவல் இல்லை. வீட்டில் யாரும் அந்தக் கதையை எடுப்பதுமில்லை. “வாங்கோ அம்மா, பயப்பிடாதேங்கோ. எலும்புகூட இல்லை, வெறும் குழிதான்.”

“வெறும் குழியெண்டா, ஆக்களை எங்க கொண்டு போனவை?”

தாட்சாயினி பலகையைப் பார்க்கிறாள். பிறகு நின்ற இடத்திலேயே குனிந்து, தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கிறாள்.