மூலையில் ஒரு மஞ்சள் கம்பி

"ட்ரோன் படம் போட்டிக்குக் கிடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோமேம்மா!" நடுவர் அவள் படத்தைக் கண்காட்சி மண்டபச் சுவரிலிருந்து கழற்றப் போனார்.

"ட்ரோன் இல்ல சார். கேமராவைக் கையில பிடிச்சு எடுத்தேன்."

"ஏரியே தட்டளவுக்குத் தெரியுது! சுத்துவட்டாரத்துல ஒரு குன்றுகூடக் கிடையாது. இறக்கை கட்டிப் பறந்தீங்களா?"

கூட வந்த கணவர் அவள் காதைக் கடித்தார். "வம்பு எதுக்கு? வா, போயிடலாம்."

அவள் நகரவில்லை.

"மூலையில வேற ஒரு மஞ்சள் கம்பி துருத்திக்கிட்டு நிக்குது. அதையாவது வெட்டியிருக்கலாமே?"

"வெட்டினா அது யாரோ பார்த்த ஏரி சார். கம்பி இருந்தாத்தான் நான் பார்த்த ஏரி."

"வியாக்கியானம் அப்புறம். எங்கே நின்னு எடுத்தீங்க?"

"இதே இடத்துலதான். நிக்கல, உட்கார்ந்திருந்தேன்."

நடுவர் சிரித்துவிட்டார். "இது தரைத்தளம்மா!"

"அப்போ இது வெறும் பொட்டல் சார். என் கிரேன் இங்கேதான் நின்னுச்சு. மூலையில தெரியறது அதோட கம்பி. சாப்பாட்டு இடைவேளையில மேலே கேபின்ல இருந்தபடியே எடுத்தேன்."

"உங்க... கிரேனா?"

"ஆமா சார். இந்த மண்டபத்துக் கூரையைத் தூக்கி வச்சதே நான்தான்."

நடுவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். அதே ஏரி, அதே வளைந்த கரை. நடுச்சுவரில் தொங்கிய தன் சொந்தப் படத்தைக் கழற்றிவிட்டு, அங்கே மாட்ட அவள் படத்தைத் தூக்கினார்.

கணவர் மண்டபமே அதிரக் கத்தினார்: "சார், கம்பி மறையாம மாட்டுங்க!"