செல்லப்பனின் பை

எங்கள் சங்கத்துச் சுற்றுலாவைக் கெடுத்தது ஒரு பை.

பெரிய பை. ஜிப் மூடாமல் வயிறு புடைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எங்கள் ஊர் பண்டார் தெங்காராவில் காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் ஏறும்போதே வழியை அடைத்தது.

"அலமாக்! ஒரு நாள் டூருக்கா இம்மாம் பெரிய பை? பொண்ணு பாத்து அங்கேயே தங்கப் போறீங்களா அண்ணே?"

காளியம்மா. டவுனில் காலைப் பசியாறக் கடை வைத்திருப்பவள். வாய் ஓயாது.

பஸ்ஸே சிரித்தது. செல்லப்பன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும்.

"மவன் சொன்னான். பையைக் கையிலேயே வச்சிருக்கணுமாம். எறங்க வேண்டிய எடம் வந்தா அவனே சொல்லுவானாம்."

மகன் கமலநாதன்தான் எங்கள் சங்கத் தலைவர். முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொந்தியான் கடற்கரைப் பக்கம் மூன்று இடம் பார்க்கிறோம், கடைசியில் முதியோர் இல்லத்துக்கு அரிசி, எண்ணெய் கொடுக்கிறோம், போட்டோ உண்டு, சங்கச் சட்டையை யாரும் கழற்ற வேண்டாம் என்றார்.

முதலில் அன்னாசிப்பழ அருங்காட்சியகம். பஸ் நின்றதும் செல்லப்பன் பையோடு எழுந்தார்.

"இங்கதானா?"

"இல்லப்பா. பையை வச்சிட்டு வாங்க."

வைக்கவில்லை. பழைய படங்களையும் டின்களையும் பையைச் சுமந்தபடியே பார்த்தார்.

அடுத்து குக்குப். கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய வீடுகள். நடுவில் பலகைப் பாதை, குறுகல். பை போய் காளியம்மாவின் முட்டியில் இடித்தது.

"இந்தப் பை இன்னிக்கு என்னைக் கடல்ல தள்ளாம விடாது! உள்ள என்னா, அம்மிக் கல்லா?"

"தலவாணி," என்றார் செல்லப்பன். "போர்வை. சாப்பாட்டுத் தட்டு. சம்சாரம் போட்டோ."

"டூருக்குத் தலவாணியா! கிறுக்குப் பிடிச்ச மனுசன்லா."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பசி. மீ கோரெங் எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. அலையாத்திக் காட்டுக்கு நடுவே நீளமாக நடக்க வேண்டும். வழி நெடுக சேற்றில் மீன்கள் தவழ்ந்தன. முனையில் கடல், தூரத்தில் கப்பல்கள். எல்லாரும் போட்டோவுக்கு அடித்துக்கொண்டார்கள்.

செல்லப்பன் வேர்த்துக் கொட்டி, கடைசியாக வந்து சேர்ந்தார். பையை இறக்கினார். கடலைப் பார்த்தார்.

"கமலா, இதுக்கு மேல தரையே இல்லையேப்பா. இங்கதானா?"

கமலநாதன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் ஒரு எடம் இருக்குப்பா."

அந்த ஓர் இடம், இல்லம்.

வாசலில் பதாகை பிடித்தோம். அரிசி மூட்டைகளை முன்னால் அடுக்கினோம். கமலநாதன் நடுவில். "சிரிங்க, சிரிங்க!" சிரித்தோம்.

எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். மேசையில் நர்ஸ். எதிரே கமலநாதன், சங்கத்துக் கடிதம் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் செல்லப்பன், பையோடு.

"வாரிசு இருக்கிறவங்கள நாங்க எடுக்கிறதில்ல," என்றாள் நர்ஸ், மலாயில். "இவருக்கு யாருமே இல்லையா?"

"இல்ல," என்றான் கமலநாதன்.

மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். யார் அப்பன், யார் மகன் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. எனக்கும் வாய் இருந்தது. கையில் டின் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தேடுவது போல் நின்றேன்.

செல்லப்பன் பையைக் கீழே வைத்தார்.

"இங்கதான்," என்றார். இந்த முறை கேட்கவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு காளியம்மா வந்தாள். மேசையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். கமலநாதனிடம் நீட்டினாள்.

"எனக்கு மலாய் பேசத்தான் வரும், படிக்க வராது. படிங்க தலைவரே."

அவன் தரையைப் பார்த்தான்.

கடிதம் என் பக்கம் திரும்பியது. டின்னை வைத்தேன். படித்தேன்.

"செல்லப்பன் என்பவருக்கு உறவினர், வாரிசு யாரும் இல்லை என்று சங்கம் உறுதி கூறுகிறது. தலைவர், கமலநாதன்."

காளியம்மா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். இடுப்பில் செருகினாள்.

"போட்டோ எடுத்தாச்சில்ல தலைவரே? நவுருங்க."

அவன் நகர்ந்தான்.

"அண்ணே, எங் கடையில வெங்காயம் உரிக்க ஆள் இல்ல. பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும். முடியுமா?"

செல்லப்பன் அவளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"பை பெருசாச்சேம்மா."

"பெருசுதான். காலையிலேருந்து நாந்தானே இடி வாங்கறேன்."

முப்பது பேர் கைகட்டி நின்ற இடத்தில், குனிந்து அந்தப் பையைத் தூக்கி, பஸ்ஸுக்குக் கொண்டுபோய்த் தன் சீட்டிலேயே வைத்தவள் காளியம்மா.