சிட்டம்மாள் கொடுத்த புகார்

"எம்புருசன் குடிச்சிட்டுக் கீறான் ஐயா. புடிச்சிக்கினு போங்க."

உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று சிட்டம்மாள் சொன்னதைக் கேட்டு ஏட்டு வேதகிரி அசந்துபோனார். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். குடித்த புருஷனை ஒளித்து வைக்கும் பெண்டாட்டிகளை அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் தேடி வந்து காட்டிக் கொடுக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"குடிச்சிருக்கான்னு எப்படிச் சொல்றே?"

"வந்து அவன் கையைப் பாருங்க. நடுங்கிக்கினே கீது. ஊருக்கே தெரியும்."

சாலவாக்கத்து வயலில் நாற்றைக் கட்டுக்கட்டாக முடி கட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் ஏசுதாஸ். போலீசைக் கண்டதும் கை இன்னும் உதறியது. நாற்று சேற்றில் விழுந்தது.

"நான் குடிக்கல சார். கர்த்தர் மேல சத்தியம்!"

"உன் பொண்டாட்டிதான் சொன்னா. நட, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

பக்கத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்த மார்த்தாள் நிமிர்ந்தாள். "தாலி கட்டினவனையே போலீசுல குடுத்துட்டியேடி! நீ நல்லா இருப்பியா?"

போலீசோடு வந்திருந்த சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர்களோடு பஸ் ஏறினாள். ஏசுதாஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். கண், நாக்கு பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு உட்கார வைத்தார்.

"கையை மடியில வைப்பா."

வைத்தான். கை அசையாமல் கிடந்தது.

"இப்ப நீட்டு."

நடுங்க ஆரம்பித்தது.

"உன் மூக்கைத் தொடு."

மூக்குக்கிட்டே போகப் போக விரல் துள்ளியது.

டாக்டர் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்தார். "நத்தைக் கூடு மாதிரி, நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி வெளியே வா."

ஏசுதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான். கோடு முழுக்க சின்னச் சின்ன அலை.

அடுத்து, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர். அதை இன்னொரு குவளைக்கு மாற்றச் சொன்னார். ஊற்றி முடித்ததும் கோட்டைப் பார்த்தார். கால் பங்கு மேஜையில் கிடந்தது.

"சோறு எப்படிச் சாப்பிடறே?"

"குனிஞ்சி வாயை தட்டுக்கிட்ட கொண்டாந்துடுவேன் சார். டீக்கடைக்கு மட்டும் போறதில்ல. மேல ஊத்திக்கினா சிரிப்பானுங்க."

"உங்கப்பாவுக்கு இந்த நடுக்கம் இருந்துதா?"

ஏசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருந்துச்சி சார். எங்க நைனாவையும் குடிகாரன்னுதான் சொல்லுவாங்க. சாவற வரைக்கும் சொன்னாங்க. அவரு தொட்டது கூட இல்ல."

டாக்டர் ஏட்டைப் பார்த்தார். "இவர் குடிக்கிறவர் இல்லை. இது குடும்பத்துல வர்ற நடுக்கம். கை சும்மா இருந்தா நடுக்கம் இருக்காது, வேலை செய்யும்போது வரும்."

"குடிகாரனுக்குத்தானே சார் கை நடுங்கும்?"

"அது வேற. இந்த நடுக்கம் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு, சாராயம் உள்ளே போனா கொஞ்ச நேரம் அடங்கும். இவர் குடிச்சிட்டு வந்திருந்தா என் மேஜை இவ்வளவு நனைஞ்சிருக்காது."

ஏட்டு ஈர மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காகிதத்தில் தேதி போட்டார். "ஆறு மாசம் கழிச்சு வந்து இதே மாதிரி வரை. ரெண்டையும் பக்கத்துல வெச்சா, நடுக்கம் ஏறுதா, அப்படியே நிக்குதான்னு தெரிஞ்சிடும். உயிருக்கு ஒண்ணும் பயமில்லை. கனமான லோட்டாவுல பாதி ஊத்தி ரெண்டு கையால பிடிச்சுக் குடி. வெட்கப்பட்டா, பயந்தா இன்னும் அதிகமாகும். தலை நிமிர்ந்து நட."

ஏசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் ஏட்டு சிட்டம்மாள்மேல் பாய்ந்தார். "பொய்ப் புகாரா கொடுத்தே? கட்டின புருஷனை ஊர் பார்க்க இழுத்துக்கிட்டு வர வெச்சியே, உன்னைத்தான் உள்ளே போடணும்!"

"போடுங்க ஐயா" என்றாள் சிட்டம்மாள். "இந்த மனுசன் குடிக்கிறதில்லன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா, டாக்டரும் குடிகாரன்னு சொல்லிடுவாருன்னு பயந்துக்கினு வர மாட்டேன்னுட்டாரு. போலீசு கூப்ட்டா வந்துதானே ஆவணும்?"

ஏசுதாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்காக இப்படியா?" என்றார் ஏட்டு.

"எங்க பொண்ணு ஞானசுந்தரியைப் பொண்ணு பார்த்துட்டுப் போன பெருநகர் ஊரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, குடிகாரன் பொண்ணு வேணாம்ன்றாங்க. நான் சொல்லியும் நம்பல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா, போலீசு சொன்னா நம்புவாங்க."

ஏட்டு தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார்.

"பெருநகர் பஸ் இன்னும் போயிருக்காது. நடங்க ரெண்டு பேரும்."